கரிசல் நிலத்துச் சமயச் சொற்கள்

கயத்தாறு என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்கள் நெஞ்சில் தோன்றுவது, 1799-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் ஆங்குத் தூக்கிலிடப்பட்ட நிகழ்ச்சியேயாம். வாளும் வெடியும் பேசிய அவ்வரலாற்றை அறியாதார் இலர். ஆயின், அவ்வூரையும் கோவிற்பட்டியையும் சூழ்ந்து கிடக்கும் கரிசல் நிலத்திற்குப் பிறிதொரு வரலாறும் உண்டு. அது சொற்களின் வரலாறு. ஆறும் வாய்க்காலும் அருகி, வானத்தையே நோக்கிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைக்கும் இந்நிலத்தில், ஆயிரத்திருநூறு ஆண்டுகளாகப் பல சமயத்தார் ஒரே தமிழால் தத்தம் மெய்ப்பொருளை உரைத்து வந்தனர். ஒரு சொல் ஒரு சமயத்தினின்று மற்றொன்றிற்குச் செல்லுங்கால் அதன் பொருள் என்னாகின்றது என்பதனை ஆராய்தற்கு இதனினும் தக்க இடம் பிறிதொன்று காண்டல் அரிது.

கயத்தாற்றினின்று ஒருநாள் நடைத்தொலைவில் கழுகுமலை உள்ளது. கழுகாசலமூர்த்தியாகிய முருகப்பெருமானின் குடைவரைக் கோயிலால் அஃது இற்றைநாள் பெயர்பெற்றது. அக்குன்றின் மேற்பகுதியில் எட்டாம் நூற்றாண்டளவிற் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி அமைக்கத் தொடங்கிய வெட்டுவான் கோயில் என்னும் சிவன் கோயில், முற்றுப்பெறாத நிலையிலும் காண்பார் கண்ணைக் கவர்வது. அதே குன்றின் பாறை முகப்பில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் நூறளவிற் கல்வெட்டுக்கள் உள. அவற்றுட் பல, இன்ன ஊரார் இன்னார் செய்வித்த திருமேனி என்று சுருங்கக் கூறி முடிவன. குரவர், குரத்தியர் எனப்பட்ட ஆண்பாலும் பெண்பாலுமாகிய ஆசிரியர் பெயர்களும், அவர்தம் மாணாக்கர் பெயர்களும், படாரர், அடிகள் என்னும் சிறப்புப் பெயர்களும் அவற்றில் வருகின்றன.

அக்கல்வெட்டுக்களுள் ஒன்று சைவ நன்மக்கள் ஊன்றி நோக்கத்தக்கது. அம்மலையிற் சித்தாந்தம் உரைத்தற்கும் துறவியர்க்கு உணவளித்தற்கும் நிவந்தம் விட்ட செய்தியை அது கூறும். குணசாகர படாரர் என்னும் சமண ஆசிரியர் பெயர் அதனொடு தொடர்புற்றது. மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளியது பதின்மூன்றாம் நூற்றாண்டிலாகலின், அதற்குப் பன்னெடு நாள் முன்னரே கரிசல் நிலத்துக் குன்றொன்றில் 'சித்தாந்தம்' என்னும் சொல் கல்லிற் பொறிக்கப்பட்டுவிட்டது. ஆயின், அங்குப் பொறித்தவர் சைவரல்லர்; அச்சொல் ஆங்குக் குறித்ததும் சைவப் பொருளன்று.

திருஞானசம்பந்த சுவாமிகள் மதுரையிற் சமணரை வாதில் வென்று நின்றசீர் நெடுமாறனைச் சைவனாக்கியது ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சி என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அதன்பின் நூறாண்டு கழிந்தும் பாண்டி நாட்டின் தென்பகுதியிற் சமணக் கல்வி அற்றுப்போகவில்லை என்பதற்குக் கழுகுமலையே சான்று. வாதம் நிகழ்ந்த காலத்தும் அதன் பின்னரும் இரு சமயத்தாரும் ஒரே ஊரில், ஒரே மொழியில், ஒரே சந்தையில் வாழ்ந்தவரேயாவர். சொற்கள் இருவர்க்கும் பொதுவாயிருந்தமைக்கு வியப்பில்லை. உயிர், வினை, வீடு, தவம், அறம் என்பனவெல்லாம் இருபாலார்க்கும் உரியன. சமண ஆசிரியரைக் குறித்த குரவர் என்னும் சொல்லே, சமயகுரவர் நால்வர் எனவும் சந்தானகுரவர் நால்வர் எனவும் சைவர் நாவில் நாடோறும் பயில்கின்றது. துறவியர் உறையுளைக் குறித்த பள்ளி என்னும் சொல், பிள்ளைகள் கற்கும் பள்ளிக்கூடமாகவும், இசுலாமியர் தொழும் பள்ளிவாசலாகவும், சிவன் கோயிற் பள்ளியறையாகவும் வழங்குகின்றது.

சொல் ஒன்றாயிருப்பினும் பொருள் ஒன்றாயிற்றோ எனின், இல்லை. திருமேனி என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோர்க்கு இது விளங்கும். கழுகுமலையிற் சமணர் செய்வித்த திருமேனி, தன் முயற்சியால் வினையை வென்று பிறவியினின்று நீங்கினார் ஒருவரின் உருவம். அதனை வழிபடுவார் அவர் சென்ற நெறியை நினைந்து தாமும் செல்ல முயல்வர். அவர் இறங்கிவந்து உயிர்களை ஆட்கொள்வார் என்னும் கொள்கை ஆங்கில்லை. சைவர் கூறும் திருமேனியோ உயிர்களை ஆட்கொள்ளுதற்பொருட்டு இறைவன் தன் அருளையே வடிவமாகக் கொண்டது. அருவம், உருவம், அருவுருவம் என அதனை மூவகைப்படுத்தி ஆகமங்கள் கூறும். வினை என்னும் சொல்லும் அத்தகைத்தே. சமணர்க்கு அஃது உயிரின்கண் வந்து ஒட்டும் நுண்ணிய சடப்பொருள். தானே பயன் தருவது. சைவர்க்கு வினை அறிவற்றதாகலின், செய்தவனை அறிந்து பயனை ஊட்டுவான் ஒருவன் வேண்டும், அவனே சிவபெருமான்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், ஒரு கருத்து ஒரு சொல்லுக்குள் தனித்து அடங்கிக் கிடப்பதன்று. அது பிற கருத்துக்களொடு கொண்ட இயைபினாலேயே தன் வடிவம் பெறுகின்றது. ஊட்டுவானொடு சேர்த்து எண்ணப்படும் வினை வேறு. அவனின்றி எண்ணப்படும் வினை வேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் நிகண்டவாதியை மறுக்குங்கால், அவர்க்கும் உரிய சொற்களைக் கொண்டே மறுத்தார். வழக்காடுவோர் இருவர்க்கும் மொழி ஒன்றாயிருந்தாலன்றி வழக்கே நிகழாது. ஆகலின், பகையெனக் கருதப்படும் வாதமும் ஒருவகை உறவேயாம்.

சொல்லுக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சித்தாந்த நூல்கள் தெளிவான கொள்கை உடையன. ஒரு பொருளைக் காணுங்கால் முதலில் ஏதோ ஒன்று உளது என்னும் அளவிற்றாகிய பொது உணர்வு தோன்றும். அது நிருவிகற்பக் காட்சி. பின்னர்ப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றொடு கூட்டி இஃது இன்னது என உணர்வது சவிகற்பக் காட்சி. தொலைவில் மேயும் ஒன்றைக் காண்பவன் முதலில் ஏதோ ஓர் உரு என்றும், பின்னர் இது வெள்ளை நிறத்துப் பசு, மேய்கின்றது என்றும் அறிதல் போல்வது. இரண்டாம் நிலையிற் சொல் வந்து துணை செய்கின்றது. உள்ளத்தில் நிகழும் எண்ணமும் சொல்லின் வழியதே. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும். மயில் முட்டையின் நீரிற் பல நிறமும் வேறுபடாது அடங்கியிருத்தல் போல எழுத்துக்கள் வேறுபடாது நிற்பது பைசந்தி. உள்ளத்தில் எழுத்தெழுத்தாகப் பிரிந்து செவிக்குப் புலனாகாது நிற்பது மத்திமை. பிறர் கேட்க ஒலிப்பது வைகரி. இவையெல்லாம் சுத்தமாயையின் காரியங்கள்.

சொல்லே முதற்பொருள் என்னும் சத்தப்பிரமவாதி கொள்கையையும் பரபக்கம் எடுத்து மறுக்கின்றது. சொல் மாயையின் காரியமாகலின் சடம். சடமாகிய ஒன்று தானே அறிதலும் பரம்பொருளாதலும் இல்லை. அறிவது உயிர். சொல் அதற்கு விளக்குப் போன்றது. இருளிற் கண்ணுக்கு விளக்கு வேண்டும். அதனால் விளக்கே கண்ணாகிவிடாது. மேல்நாட்டில் வில்லியம் ஹம்போல்ட் என்னும் செருமானிய அறிஞர் (1767-1835), மொழி எண்ணத்தை வெளியிடும் கருவி மட்டுமன்று, எண்ணத்தை உருவாக்குவதும் அதுவே, ஒவ்வொரு மொழியும் உலகினை ஒவ்வொரு வகையாகக் காட்டும் என்னும் கொள்கையைப் பரப்பினார். சொற்றுணை இன்றி எண்ணம் தெளிவடையாது என்னும் அளவிற் சித்தாந்தம் அதனொடு உடன்படும். ஆயின், மொழி வகுத்த எல்லைக்கு அப்பால் உயிர் செல்லமாட்டாது என்பார்க்கு அஃது உடன்படாது. வாக்கிறந்த நிலையில் திருவருளே விளக்காக நின்று காட்டும் என்பதன்றோ சித்தாந்த முடிபு? அன்றியும் உயிர் சொற்கு அடிமையாயிருப்பின், ஒரு சமயத்தின் சொல்லை மற்றொரு சமயம் ஏற்றுப் புதுப்பொருள் தருதலும் இயலாதாகும். கரிசல் நிலத்தில் அஃது இயன்றது.

சமணர்க்குப் பின் வந்தார் செய்கையிலும் இது காணப்படும். கயத்தாற்றிற்குக் கிழக்கே கடலை அடுத்த முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்த அண்டிரீக்கு அடிகளார் என்னும் போர்த்துகேசியப் பாதிரியார், தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அது பதினாறு பக்கங்கொண்டது. தம் சமயக் கடவுளைக் குறித்தற்கு அவர் தேர்ந்த சொல் தம்பிரான். அதுவோ சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்று வழங்கிய சைவர் வழக்கு. ஆதீனத் துறவியரைக் குறிப்பதும் அதுவே. அவர்க்குப் பின் வந்த கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். சீர்திருத்தச் சபையாருள் பதினெட்டாம் நூற்றாண்டில் விவிலியத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுசு பராபரன் என்றார். 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பிற் தேவன் என்னும் சொல் ஆளப்பட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் கடவுள் என்று வழங்குகின்றது. ஒரு கருத்துக்கு ஏற்ற சொல்லை நாடி நானூறு ஆண்டு நிகழ்ந்த இத்தேட்டத்தை எள்ளி நகையாடுதல் தகாது. தேவர் என்பார் சைவ நூல்களிற் பிறந்திறக்கும் பசு வருக்கத்தினர். அச்சொல்லை முழுமுதற் கடவுட்குச் சூட்டியது, கேட்கும் தமிழர் உள்ளத்தில் முன்னரே குடியிருந்த கருத்தொடு மோதுவதாயிற்று. புதுப்பொருளைப் பழஞ்சொல்லிற் பெய்வார் எதிர்கொள்ளும் இடர் அது.

அவ்விடரை உணர்ந்தவர் வீரமாமுனிவர் (1680-1747). இத்தாலியிற் பிறந்த அவர் 1711-ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு போந்து, கயத்தாற்றிற்கும் கோவிற்பட்டிக்கும் அணித்தாய காமநாயக்கன்பட்டியிற் தொடக்க காலத்திற் பணிபுரிந்தார். 1732-இல் அவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியுடையது. சொல்லினின்று பொருளுக்குச் செல்லும் வழியையும், பொருளினின்று சொல்லுக்குச் செல்லும் வழியையும் தனித்தனியே வகுத்த அவ்வமைப்பு, இரண்டும் ஒன்றல்ல என்பதனைக் குறிப்பாற் புலப்படுத்தும்.

காமநாயக்கன்பட்டிக்கு அயலதாகிய எட்டயபுரம் அரசவையில், பதினேழாம் நூற்றாண்டில் விளங்கியவர் உமறுப் புலவர். அவர்தம் அடக்கத்தலமும் அவ்வூரிலேயே உளது. நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களிற் பாடிய சீறாப்புராணத்தில் அவர் கொண்ட முறை வேறு. நபி என்பது போன்ற இன்றியமையாச் சொற்களை அரபு மொழியில் உள்ளவாறே வைத்துக்கொண்டார். நாட்டுப்படலம், நகரப்படலம் முதலியவற்றால் அரபு நாட்டைத் தமிழ் நாடாகவே காட்டினார். தமிழிற் கருத்தே இல்லாதவிடத்துச் சொல்லையும் உடன் கொணர்ந்தார். கருத்து உள்ளவிடத்துத் தமிழ்ச் சொல்லாற் போர்த்தார். இவ்வாறு ஒன்றிரண்டு நாள் நடைக்குட்பட்ட நிலப்பரப்பில், பொதுச்சொல்லைப் பகிர்ந்து கொண்ட சமணரும், பிறர் சொல்லை ஏற்றுப் பொருள் மாற்ற முயன்ற கிறித்தவரும், தம் சொல்லையே கொணர்ந்து தமிழொடு இணைத்த இசுலாமியரும் ஆகிய மூவகை நெறியும் காணக்கிடக்கின்றன.

இனிச் சைவர் நெறி யாது? ஆன்றோர் பிற சமயச் சொல்லைக் கண்டு அஞ்சினாரல்லர். தம் சொல்லின் பொருள் மயங்குவதற்கே அஞ்சினர். திருநெல்வேலிச் சீமை விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி 1785-இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்டவர். தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தி இயற்றியவரும் அவரே. இலக்கணமும் சித்தாந்தமும் ஒருவரிடத்தே கூடியது தற்செயலன்று. சொல்லின் வரம்பறியாதான் பொருளின் வரம்பறியான் என்பதே அதன் கருத்து. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879), இளமையிற் பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிற் துணைபுரிந்தவர். பின்னர்ச் சைவப்பணியே தம் பணியாகக் கொண்டபோது, சிறுவர்க்கும் விளங்கும் எளிய உரைநடையிற் சைவ வினாவிடை எழுதினார். மெய்ப்பொருள் ஏட்டில் நிலைத்து மக்கள் வாயினின்று விலகிப்போகலாகாது என்பதனை அவர் நன்குணர்ந்தவர்.

அவர் காலத்தினும் இற்றைநாள் அவ்விடர் மிகுந்துளது. இன்று சித்தாந்தச் சொற்களுக்கு ஊறு விளைப்பார் பிறசமயத்தார் அல்லர். சைவக் குடியிற் பிறந்தாரே அச்சொற்களை உலக வழக்கின் பொருளிலன்றி அறியாராயினர். மூன்று சொற்கள் சான்றாக அமையும்.

முதலாவது பாசம். கயிறு என்பது அதன் பொருள். உயிரைக் கட்டி நிற்பனவாகிய ஆணவம், கன்மம், மாயை என்பனவற்றிற்கு அது பெயராயிற்று. உலக வழக்கில் அது தாய்ப்பாசம், பிள்ளைப்பாசம் என அன்பையே குறிக்கின்றது. கோயில் மண்டபத்திற் சொற்பொழிவு கேட்கும் முதியவள் ஒருத்தி, பாசத்தை அறுக்கவேண்டும் என்னும் உரையைக் கேட்டு, பேரப்பிள்ளைமேல் வைத்த அன்பை விடவேண்டுமென்று சைவம் கூறுகின்றதோ என்று வருந்துதல் கூடும். அவ்வருத்தம் அவள் பிழையன்று, சொன்னவர் பிழை. பாசம் நீங்குதல் அன்பு நீங்குதல் அன்று. தன் குடும்பத்தளவிற் கட்டுண்டு நின்ற அன்பு, கட்டு நீங்கி அடியாரிடத்தும் எல்லா உயிரிடத்தும் சிவத்தினிடத்தும் விரிதலேயாம். அன்பும் சிவமும் வேறல்ல என்பது திருமூலநாயனார் கொள்கை. இதனைக் கரிசல் உழவர்க்கு உணர்த்துதற்கு வேறு நூல் வேண்டா. தொழுவிற் கட்டிய பசுவும் அதன் கழுத்துக் கயிறும் போதும். கயிற்றின் அளவே மேய்ந்த பசு, அஃது அவிழ்ந்தவழித் தன் தலைவனை மறப்பதில்லை; அவன் பின் தானே செல்லும்.

இரண்டாவது ஆணவம். உலகத்தார் இதனைச் செருக்கு என்று பொருள் கொள்வர். சித்தாந்தத்தில் அஃது உயிரின் அறிவு, இச்சை, செயல்களை அநாதியே மறைத்து நிற்கும் இருள்; செம்பிற் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் உடன் நிற்பது. செருக்கு அதன் காரியங்களுள் ஒன்றேயன்றி அதுவே ஆணவமன்று. இவ்வேறுபாட்டை அறியாக்கால் நேரும் கேடு பெரிது. இயல்பிலேயே பணிவுடைய ஒருவன், தனக்குச் செருக்கில்லை, ஆகலின் ஆணவமும் இல்லை என்று அமைதி கொள்வான். நோயுளது என்று அறியாதவன் மருத்துவனை நாடான். ஒரு சொல்லின் பொருள் குறுகியதனால் ஓர் உயிர் அருளை நாடாது நின்றுவிடுதல் சிறிய இழப்பாகுமோ?

மூன்றாவது அருள். கரிசல் ஊர்களிற் கொடைவிழா நாளிற் கொட்டு முழங்க ஒருவர் மெய்சிலிர்த்து ஆடுங்கால், அவர்மேல் அருள் இறங்கிற்று என்பர். கற்றாருட் சிலர் அதனைக் கேட்டு முகஞ்சுளிப்பர். ஆயின், இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்த காலத்து இறைவன் திருவருள் உயிரின்கண் பதிதலைச் சத்திநிபாதம் என்பது சாத்திர வழக்கு. நிபாதம் என்பதும் இறங்குதல், வீழ்தல் என்னும் பொருட்டே. அருள் மேலிருந்து தானே இறங்கி வருவது, உயிர் தன் முயற்சியால் ஈட்டுவதன்று என்னும் கருத்து எழுத்தறியா மக்கள் சொல்லிலும் உளதன்றோ? வேறுபாடு, ஊரார் அதனை ஒரு பொழுதைய நிகழ்ச்சியாகக் கருதுவதும், சாத்திரம் அதனை உயிரின் நிலைமாற்றமாகக் கூறுவதுமேயாம். உமாபதி சிவாசாரியார் அருளின் பயனைக் கூறத் திருவருட்பயன் என்னும் தனிநூலே அருளினார். அந்நூலின் பொருளை விளக்கப் புகுவார், ஊரார் வாயிலுள்ள சொல்லை இகழாது அதனையே படியாகக் கொண்டு மேலேற்றுதல் எளிதாகும்.

இம்மூன்று சொற்களும் காட்டும் உண்மை, கழுகுமலைக் கல்வெட்டுக்கள் காட்டிய உண்மையே. சொல் எவர்க்கும் தனியுடைமையன்று. சித்தாந்தம் என்னும் பெயரே பிறர் நாவிலும் பயின்றது என்பதனால் சைவத்திற்கு இழுக்கொன்றும் இல்லை. பொதுவாய சொல்லைத் தன் முப்பொருள் இயைபினால் தனதாக்கிக் கொண்ட ஆற்றலே அதன் பெருமை. அவ்வியைபு கற்பிக்கப்படும் வரையிற் சொல் உயிரோடிருக்கும். கற்பிப்பார் இலராயின் சொல் நாவில் நிற்பினும் பொருள் அகன்றுவிடும். எட்டாம் நூற்றாண்டில் ஒரு குன்றின்மேற் சித்தாந்தம் உரைத்தற்கு நிவந்தம் விட்டார் பிறசமயத்தார். அக்குன்றைச் சூழ்ந்த ஊர்தோறும் பாசமும் ஆணவமும் அருளும் இன்னவென்று எளிய தமிழில் உரைப்பாரைப் பேணுதல், இற்றைச் சைவர் தலைமேல் நிற்கும் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.